மங்கலான திரைக்காக நல்ல கணினியைக் காயலான் கடைக்கு அனுப்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றதிலிருந்து, வீட்டிலும் பள்ளியிலும் இருக்கிற பழைய கணினிகளை என்ன செய்வது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். விண்டோஸ் 11 போட டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறைக்குக் குறையாத பிராசசர் வேண்டும். 2013, 2014 வாக்கில் வாங்கி இன்றும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற கணினிகள் இதில் சேராது. அதற்குப் பலரும் சொல்லும் வழி, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளுங்கள் என்பது. நான் போடியில் கணினி பழுதுபார்க்கும் வேலை செய்கிறேன், வருகிறவர்களிடம் நானும் அதையேதான் சொல்கிறேன். ஆனால் போட்டுக்கொண்டவர்களில் பலர் சில நாளிலேயே கைவிட்டுவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் வைஃபை வரவில்லை, பிரின்டர் வரவில்லை என்பதையெல்லாம்விட அடிக்கடி காதில் விழுவது, "திரை நல்லா இல்லைங்க, எழுத்தெல்லாம் மங்கலா இருக்கு" என்பதுதான். இது சரிசெய்யக்கூடிய குறை, பெரும்பாலும் லினக்ஸின் குறைகூட இல்லை. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு பள்ளியில் கணினி அறையிலிருந்த பெட்டிகளை எல்லாம் பழைய இரும்பு விலைக்குப் போடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜி.பி. ராம், பதினெட்டரை அங்குல மானிட்டர். யாரோ அக்கறையாகத்தான் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், தமிழ்99 விசைப்பலகைகூட அமைத்திருந்தது. ஆனால் திரை 1024×768-இல் நின்றது, செட்டிங்ஸில் அதற்கு மேல் எதையும் காட்டவில்லை. அந்த மானிட்டர் 1366×768 படப்புள்ளி உள்ளது. 1024 புள்ளி அகலமுள்ள படத்தை 1366 புள்ளிக்கு இழுத்துப் பரப்பினால் முகங்கள் அகலமாகும், வட்டம் நீள்வட்டமாகும், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எழுத்தைத்தான் பொறுக்க முடியாது. ஆங்கிலத்தை ஒருவாறு ஊகித்து வாசித்துவிடலாம், தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி மேல்கோட்டோடு கரைந்துவிடுகிறது, ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது, ஒரு வரியில் இருப்பது 'செரி'யா 'சேரி'யா என்பது எனக்கே தெரியவில்லை. வாசிக்கப் பழகுகிற பிள்ளைகளை இந்தத் திரைக்கு முன்னால் உட்கார வைத்திருக்கிறோம் என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தமாக இருந்தது.

இது ஏன் நடக்கிறது என்று சொல்கிறேன். ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் ஒரு சின்ன நினைவகச் சிப் இருக்கும். அதில் அந்த மானிட்டரைத் தயாரித்தவர் யார், எந்த ஆண்டு, எத்தனை சென்டிமீட்டர் அகலம், எந்தெந்த ரெசல்யூஷனை, அதாவது படப்புள்ளி அளவைக் காட்டும், அதில் எது அதற்கே உரிய சொந்த ரெசல்யூஷன் என்பதெல்லாம் வெறும் 128 பைட்டில் எழுதியிருக்கும். இதற்கு எடிட் (EDID) என்று பெயர், திரைகளுக்கான தரங்களை வகுக்கிற வெசா அமைப்பு 1994-இல் கொண்டுவந்தது. கணினி கிளம்பும்போது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் கேபிள் வழியாக இந்தத் தகவலைக் கேட்டு வாங்கி, அதன்படி திரையை அமைத்துக்கொள்ளும். 2009-க்குப் பிறகு பெரும்பாலான கிராஃபிக்ஸுக்கு இந்த வேலை கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டதால் நாம் கைவைக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் இருக்காது. எச்.டி.எம்.ஐ., டிஸ்ப்ளே போர்ட் இணைப்பில் இந்தப் பிரச்சினை அரிதாகத்தான் வரும். லேப்டாப்பின் சொந்தத் திரையில் அநேகமாக வரவே வராது. 2011-இலிருந்து தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு இந்தியாவில் உருவான பாஸ் லினக்ஸும் இருந்தது. அதை வைத்திருந்தவர்கள் யாரும் என்னிடம் திரை மங்கல் என்று சொல்லி வந்ததில்லை.

சிக்கல் எல்லாம் வி.ஜி.ஏ. கேபிளில்தான். நீல நிறத் தலை, இரண்டு பக்கமும் திருகு, பதினைந்து பின், 1987-இலிருந்து இருக்கிற அதே இணைப்பு. இதில் 12-ஆவது பின்னும் 15-ஆவது பின்னும்தான் எடிட் தகவலைக் கொண்டுவருபவை. படம் வருவதற்கு இந்த இரண்டும் தேவையே இல்லை, அதனால் மலிவான கேபிள்களில் இந்த இரண்டுக்கும் உள்ளே கம்பியே போடாமல் விட்டுவிடுகிறார்கள், சிலவற்றில் பின்னே இருக்காது. கேபிளின் தலையைத் திருப்பிப் பிடித்துப் பாருங்கள், மூன்று வரிசை இருக்கும், 12-உம் 15-உம் மூன்றாவது வரிசையில் வரும். நடு வரிசையில் 9-ஆவது பின் இல்லாவிட்டால் பயப்பட வேண்டாம், அது நல்ல கேபிளிலும் இருக்காது. ஒரே மானிட்டரை இரண்டு கணினிக்கு மாற்றிப் பார்க்கிற சுவிட்ச் பெட்டி, ஒரு கணினியை இரண்டு திரையில் காட்டுகிற ஸ்பிளிட்டர், நீளம் போதாமல் போடுகிற எக்ஸ்டென்ஷன், இவையும் அந்தத் தகவலை நடுவிலேயே நிறுத்திவிடுவதுண்டு. கேபிளின் மறுமுனையில் ஏதோ ஒரு திரை இருக்கிறது என்பது மட்டும் கெர்னலுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரியது என்று தெரியாது. அளவே கொடுக்காமல் துணியை மட்டும் கொடுத்தால் தையல்காரர் குத்துமதிப்பாகத்தானே வெட்டுவார். அப்படித்தான் எந்தத் திரையும் தாங்கும் என்கிற பாதுகாப்பான அளவாக 1024×768-இல் கெர்னல் நின்றுவிடுகிறது.

விண்டோஸில் நன்றாகத்தானே இருந்தது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தகவல் வராவிட்டாலும் விண்டோஸ் பல நேரம் பெரிய அளவுகளையும் பட்டியலில் காட்டிவிடும், எப்போதோ யாரோ ஒருமுறை தேர்ந்தெடுத்து வைத்தது அப்படியே நின்றுவிடும். கேபிள் முதல் நாளிலிருந்தே மோசம்தான், லினக்ஸ் போட்டபோதுதான் அது வெளியே தெரிந்தது. அந்தப் பள்ளியில் நான் செய்தது, எல்லாப் பின்னும் கம்பியும் உள்ள கேபிளாக மாற்றிப் போட்டது மட்டும்தான். மறுபடி ஆன் செய்ததும் 1366×768 தானாகவே வந்துவிட்டது. ஒரு கமாண்ட்கூட அடிக்கவில்லை. அந்தக் கேபிள் விலைக்காக ஒரு அறை நிறையக் கணினிகள் இரும்புக் கடைக்குப் போக இருந்தன.

கேபிள்தான் காரணமா என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான அடையாளம் உண்டு. டெர்மினலைத் திறந்து எக்ஸ்ரேண்டர் (xrandr) கமாண்டை அடித்தால் அந்தத் திரைக்குக் கிடைக்கும் அளவுகளின் பட்டியல் வரும். அதில் 1024×768, 800×600, 848×480, 640×480 என்று நாலே நாலு அளவு இருந்தால், அதிலும் 848×480 என்ற யாரும் பயன்படுத்தாத அளவு நடுவில் உட்கார்ந்திருந்தால், மானிட்டரிடமிருந்து தகவல் எதுவும் வரவில்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம். அது லினக்ஸ் கையில் வேறு எதுவும் இல்லாதபோது தருகிற பட்டியல். அப்படியில்லாமல், இணைப்பின் பெயர் வி.ஜி.ஏ. என்றோ எச்.டி.எம்.ஐ. என்றோ வராமல் வெறும் 'டிஃபால்ட்' என்று வந்தால் கதை வேறு. நிறுவும்போது திரை கறுப்பாக நின்றுவிட்டதால் யாரோ சேஃப் கிராஃபிக்ஸ் முறையில் நிறுவியிருப்பார்கள், அதோடு வந்த 'நோமோட்செட்' (nomodeset) என்ற சொல், கணினி கிளம்பும்போது லினக்ஸை ஏற்றிவிடுகிற கிரப் என்ற நிரலின் அமைப்பில் அப்படியே தங்கியிருக்கும். அந்தச் சொல் இருக்கிறவரை சரியான கிராஃபிக்ஸ் டிரைவர் வேலையே தொடங்காது, ஒரே ஒரு அளவுதான் வரும், படமும் இழுத்து இழுத்து நகரும். கிரப் கோப்பிலிருந்து அதை எடுத்துவிட்டு கிரப்பைப் புதுப்பித்தால் சரியாகிவிடும். பழைய என்விடியா கார்டு உள்ளவர்களுக்கு மட்டும் அதற்கேற்ற டிரைவரும் போட வேண்டியிருக்கும். நிறுவிக் கொடுப்பவர்கள் தயவுசெய்து இதை மறக்காமல் எடுத்துவிட்டுக் கொடுங்கள், பயன்படுத்துகிறவருக்கு இப்படி ஒரு சொல் இருப்பதே தெரியாது.

சரி, நல்ல கேபிளும் கிடைக்கவில்லை, அல்லது மானிட்டரின் சிப்பே போய்விட்டது, அப்போது என்ன செய்வது? கையால் சொல்ல வேண்டியதுதான். சி.வி.டி. என்ற சின்ன நிரலிடம் அகலம், உயரம், நொடிக்கு எத்தனை முறை திரை புதுப்பிக்கப்பட வேண்டும் என்று கொடுத்தால் அந்த அளவுக்கான மோட்லைன் என்ற எண் வரிசையைக் கணக்குப் போட்டுத் தரும். அதை எக்ஸ்ரேண்டரிடம் புது அளவாகச் சேர்க்கச் சொல்லி, அந்த அளவை இந்தத் திரைக்கு உரியது என்று இணைத்து, கடைசியில் இதையே காட்டு என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். தப்பாகக் கொடுத்தால் மானிட்டர் கெட்டுப்போகுமா என்று பயப்படுவார்கள். அந்த எச்சரிக்கை பழைய குழாய் மானிட்டர் காலத்தது, இப்போதுள்ள எல்.சி.டி. திரை 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும், கணினியை ஆஃப் செய்து போட்டால் பழையபடி வந்துவிடும்.

1366-க்கு மட்டும் ஒரு வம்பு உண்டு. நம் ஊரில் மலிவான மானிட்டர்களில் நிறைய இந்த அளவில்தான் இருக்கும் என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். திரைக் கணக்கில் அகலம் எட்டால் வகுபட வேண்டும், 1366 எட்டால் வகுபடாது. அதனால் சி.வி.டி.யிடம் 1366 கேட்டால் 1368 என்று தரும், சில டிவிகள் தம்மை 1360 என்றே சொல்லிக்கொள்ளும். இரண்டு புள்ளிதானே என்று விட்டால், மானிட்டர் அந்த 1368-ஐ 1366-க்குள் நெருக்குகிறபோது திரையின் சில இடங்களில் எழுத்துகள் மட்டும் பிசிறிக்கொண்டு தெரியும், பலர் இதைக் கண்கோளாறு என்று நினைத்துக்கொள்கிறார்கள். லினக்ஸ் கெர்னலின் நிரலிலேயே இந்த 1366-க்கென்று தனியாக ஒரு திருத்தம் எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால் எக்ஸ்ரேண்டரோடு மல்லுக்கட்டுவதைவிட, கிரப் அமைப்பில் 'வீடியோ' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இணைப்பின் பெயரையும் 1366×768 என்ற அளவையும் எழுதிவிடுவதுதான் இந்த மானிட்டர்களுக்கு நல்லது என்பது என் அனுபவம். இன்னொரு நன்மையும் இருக்கிறது. எக்ஸ்ரேண்டரில் செய்தது கணினியை அணைத்துப் போட்டதும் போய்விடும், தொடக்கத்தில் தானாக ஓடும்படி தனியாக எழுதி வைக்க வேண்டும். கிரப்பில் எழுதியது நிலைத்து நிற்கும்.

இணையத்தில் கிடைக்கிற பழைய குறிப்புகளைப் பார்த்துச் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தக் குறிப்புகள் எல்லாம் எக்ஸ்.ஆர்க் என்ற பழைய திரை அமைப்புக்காக எழுதியவை. 2008-இல் தொடங்கிய வேலண்ட் இப்போது அதன் இடத்துக்கு வந்துவிட்டது, உபுண்டு 21.04-இலிருந்து அதுதான் இயல்பாக வரும், 2025 அக்டோபரில் வந்த 25.10-இல் அதன் வழக்கமான முகப்புத் திரையான க்னோமுக்கு எக்ஸ்.ஆர்க்கே கிடையாது. வேலண்டில் எக்ஸ்ரேண்டர் பட்டியலைக் காட்டும், ஆனால் புது அளவைச் சேர்க்கச் சொன்னால் நடக்காது. மணிக்கணக்காக அதே கமாண்டைத் திரும்பத் திரும்ப அடித்துச் சோர்ந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கேயும் மேலே சொன்ன கிரப் வழி வேலை செய்யும். லினக்ஸ் மின்ட்டின் சின்னமன் பதிப்பில் இப்போதும் எக்ஸ்.ஆர்க்தான் இயல்பாக வருகிறது, பழைய கணினிக்கு அதை நான் பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கு நேர் எதிரான ஒரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். திரை சரியான அளவில் வந்திருக்கும், ஆனால் எழுத்து சின்னதாக இருக்கிறது என்று வயதானவர்களுக்காகப் பிள்ளைகள் ரெசல்யூஷனைக் குறைத்து வைத்துவிடுவார்கள். எழுத்து பெரிதாகும், ஆனால் மங்கிவிடும், பெரியவர் கண்ணாடியை மாற்ற வேண்டும் போல என்று நினைத்துக்கொள்வார். ரெசல்யூஷனில் கை வைக்காதீர்கள். அதே டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ஸ்கேலிங் என்று இருக்கும், 125 சதவீதம் வைக்கலாம், அல்லது எழுத்தை மட்டும் 1.25 மடங்கு பெரிதாக்கலாம். எழுத்து பெரிதாகவும் இருக்கும், கூர்மையாகவும் இருக்கும். வி.ஜி.ஏ. மானிட்டராக இருந்தால் இதற்கு மேல் ஒரு வேலை, மானிட்டரிலேயே உள்ள 'ஆட்டோ' பொத்தானை ஒருமுறை அமுக்குங்கள். சரியான ரெசல்யூஷனிலும் எழுத்து லேசாக நடுங்குவது அதில் நின்றுவிடும். மெனுவில் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் இப்போது என்ன அளவு வருகிறது என்றும் பெரும்பாலும் பார்த்துக்கொள்ளலாம், கமாண்ட் எதுவும் தெரியாதவர்களுக்கு இதுதான் மிகச் சுலபமான சோதனை. புரொஜெக்டர் மாட்டியதும் கணினித் திரையும் சேர்ந்து மங்கினால், இரண்டும் ஒரே படத்தைக் காட்டும்படி வைத்திருப்பதுதான் காரணம், எக்ஸ்டெண்ட் என்று மாற்றினால் போதும்.

எனக்கு லினக்ஸ் உருவாக்குகிறவர்கள் மேலும் ஒரு குறை உண்டு. மானிட்டரிடமிருந்து தகவல் வரவில்லை என்பது கணினிக்குத் தெரிகிறது, தெரிந்தும் செட்டிங்ஸ் திரை ஒன்றும் சொல்லாமல் நாலு அளவை மட்டும் காட்டிவிட்டு நிற்கிறது. 'உங்கள் மானிட்டரின் தகவல் கிடைக்கவில்லை, கேபிளைச் சரிபாருங்கள்' என்று ஒரே ஒரு வரி அங்கே இருந்தால் எத்தனை பேருக்கு உபயோகமாக இருக்கும். தமிழில் லினக்ஸை மொழிபெயர்க்கிற தன்னார்வலர்கள் நம்மிடம் இருக்கிறார்கள், அவர்கள் இந்தக் கோரிக்கையை மேலே கொண்டுபோக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்களுக்கு மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி. கேரளப் பள்ளிகளில் அம்மாநில அரசின் கைட் அமைப்பு உபுண்டுவை அடிப்படையாக வைத்து உருவாக்கிய லினக்ஸில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள், ஆசிரியர்களுக்கு அதில் பயிற்சியும் கொடுக்கிறார்கள். இங்கே தனிப்பட்ட ஆர்வத்தில் யாராவது போட்டுக் கொடுப்பதோடு சரி, அப்புறம் திரை மங்கினால் கேட்க ஆள் இல்லை.

அதனால் பள்ளிக்கும் நூலகத்துக்கும் பழைய கணினி கொடுப்பவர்களுக்கும், லினக்ஸ் போட்டுத் தருபவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். ஒப்படைக்கும் முன் அதே மானிட்டரில், அதே கேபிளில் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து புள்ளியும் கொம்பும் தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள், ஒருமுறை அணைத்துப் போட்டும் பாருங்கள். உங்கள் கடையில் வேறு மானிட்டரில் சரியாக இருந்தது என்பது போதாது.

ஆசிரியர் அவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். கமாண்டுகளைக் கடிதத்தில் எழுதினால் ஒரு எழுத்து பிசகினாலும் வேலை செய்யாது, அதனால்தான் இங்கே தவிர்த்தேன். உங்கள் கணினிப் பக்கத்தில் ஒரு வாரம், வி.ஜி.ஏ. பின்களின் படத்தோடு, கிரப்பில் எழுத வேண்டிய வரியையும் அப்படியே அச்சிட்டுத் தந்தால் பள்ளி ஆசிரியர்கள் அதை வெட்டி கணினி அறைச் சுவரில் ஒட்டிக்கொள்வார்கள். வரி சரியாக இருக்கிறதா என்று சோதித்துத் தர நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்க்கும் வாசகர் ஒருவர்,
போடிநாயக்கனூர், தேனி மாவட்டம்.